பாக்ஸ்டர் 2.7 வண்டியில் எஸ் இன்ஜின் கம்ப்யூட்டர்: ஒரு நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கிண்டி தொழிற்பேட்டையை ஒட்டியிருக்கும் எங்கள் ஷெட்டுக்கு 2024 ஏப்ரல் மாதம் ஒரு போர்ஷே பாக்ஸ்டர் வந்தது. 2001 மாடல், 2.7 லிட்டர், ஐந்து கியர் மேனுவல். உரிமையாளர் பல வருடம் வெளிநாட்டில் கப்பல் துறையில் இருந்தவர். ஊர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்த வண்டி. இருபது வருடத்துக்கு மேலாக அவர் ஒருவர் கையில்தான் ஓடியிருக்கிறது. அதன் ஒவ்வொரு சத்தமும் அவருக்குத் தெரியும். இந்த ஆய்வில் அது முக்கியமான விஷயம், ஏனென்றால் ஸ்கேனர் காட்டாத கோளாறை முதலில் பிடித்தது அவருடைய காதுதான்.

986 என்று அழைக்கப்படும் இந்த முதல் தலைமுறை பாக்ஸ்டர் 1996 முதல் 2004 வரை தயாரானது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே வண்டி போலத்தான் இருக்கும். 1999 மாடல் வரை 2.5 லிட்டர் இன்ஜின், த்ராட்டிலுக்கு (காற்று நுழையும் வழியைத் திறக்கும் மூடி) மிதியிலிருந்து கேபிள். 2000 மாடலில் இருந்து 2.7 லிட்டர், அதோடு எஸ் என்ற பெயரில் 3.2 லிட்டர். இரண்டிலும் கேபிள் கிடையாது, மின் த்ராட்டில், பாஷ் மோட்ரானிக் 7.2 கம்ப்யூட்டர். 2003 மாடலில் கம்ப்யூட்டர் 7.8 ஆனது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டைத் திருப்பும் வேரியோகேம் அமைப்பும் அப்போது மாறியது. அதுவரை இரண்டே நிலைகளில் நின்றது, பிறகு தொடர்ச்சியாக நகரும்படி ஆனது.

2.5-இன் கம்ப்யூட்டரை 2.7-இல் மாட்ட யாருக்கும் தோன்றாது. 2003-க்குப் பிந்தையதையும் கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தவிர்த்துவிடுவார்கள். ஏமாற வைப்பது 2000 முதல் 2002 வரையிலான 2.7-உம் எஸ்ஸும்தான். ஒரே குடும்பத்துக் கம்ப்யூட்டர், ஒரே பிளக்குகள். மாட்டினால் 'டக்' என்று உட்காரும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இந்த வண்டிகளில் கம்ப்யூட்டரை மட்டும் மாற்றினால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. சாவித் தலைக்குள் மாத்திரை அளவில் ஒரு சில்லு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் அதைப் படிக்கிறது. இருக்கைக்கு அடியில் உள்ள இம்மொபிலைசர் பெட்டி அது சரியான சாவிதானா என்று பார்த்து இன்ஜின் கம்ப்யூட்டருக்கு அனுமதி தருகிறது. இந்த மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இன்ஜின் பிடிக்கும். அதனால்தான் பழைய பாகம் வாங்குபவர்கள் மூன்றையும் ஒரே வண்டியில் இருந்து செட்டாக வாங்குகிறார்கள்.

## 2023 டிசம்பர்: வண்டி நின்றது

மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் சென்னையை முடக்கியபோது வண்டி வேளச்சேரியில் ஓர் அடுக்ககத்தின் திறந்தவெளி பார்க்கிங்கில், கவர் போட்டு, ஒரு வாதாம் மரத்தடியில் நின்றிருந்தது. தெருவில் தண்ணீர் ஏறியது. மூன்று நாள் கழித்து அவர் கதவைத் திறந்தபோது கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. ரிமோட் வேலை செய்யவில்லை, செல்ஃப் சுற்றவில்லை.

அந்த வாரம் நகரத்தில் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் வரிசையில் நின்றன. வண்டியை முதலில் எடுத்துக்கொண்ட பணிமனையும் இதை அந்த வரிசையில் சேர்த்தது. வெள்ளம் புகுந்த வண்டி, எலக்ட்ரானிக்ஸ் போயிருக்கும் என்பது அவர்கள் முடிவு. இன்ஜின் கம்ப்யூட்டரைத் தனியாகக் கழற்றிச் சோதிக்கவில்லை. அந்த நெருக்கடியில் அதற்கு நேரம் இருந்திருக்காது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

புதுப்பேட்டையில் தேடினார்கள். எந்த வண்டியின் எந்த பாகமும் கிடைக்கும் இடம்தான், ஆனால் இருபது வருடப் பாக்ஸ்டர் உடைப்புக்கு வருவது அபூர்வம். கடைசியில் வெளிநாட்டில் வண்டி உடைத்து விற்கும் ஒருவரிடம் இருந்து கம்ப்யூட்டர், இம்மொபிலைசர் பெட்டி, சாவிச் சில்லு மூன்றும் செட்டாக வந்தன. அது எஸ் வண்டியின் செட். 'பிளக் எல்லாம் ஒன்றுதான், இரண்டுக்கும் போகும்' என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். 2024 மார்ச்சில் மாட்டினார்கள். முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்தது.

## ஏப்ரல்: எங்களிடம் வந்தபோது

"தம்பி, வண்டி ஓடுது. முன்னைவிட பிக்கப்பும் கூடின மாதிரிதான் இருக்கு. ஆனா ஏறும்போது ஒரு சத்தம் வருது. அது என் வண்டி சத்தம் இல்ல" என்றார்.

ஸ்கேனர் போட்டோம். பதிவான கோளாறு ஒன்றுகூட இல்லை. செக் இன்ஜின் விளக்கும் எரியவில்லை. ஐடிலில் (மிதியைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) மட்டும் சுற்று லேசாக ஏறி இறங்கியது. அத்தோடு விட்டிருந்தால் 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் சார்' என்று சொல்லி அனுப்பியிருப்போம்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய பதிவுகள்தான் முதல் சந்தேகத்தைக் கொடுத்தன. 7.2 கம்ப்யூட்டர் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை சிவப்புக் கோட்டைத் தாண்டிச் சுற்றியது என்பதையெல்லாம் எழுதி வைத்திருக்கும். இதில் இருந்த மணிக்கணக்கு மீட்டரில் உள்ள கிலோமீட்டருக்குப் பொருந்தவே இல்லை. மீறிச் சுற்றிய பதிவுகள் இரண்டாம் நிலையிலும் இருந்தன. தவறான கியரில் போட்டு இன்ஜினை இழுத்துச் சுற்றினால்தான் அந்த நிலை பதிவாகும். இவர் அப்படி ஓட்டுபவர் இல்லை. டிக்கியின் முன்சுவரில் கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரைக் கழற்றி அதன் மேல் இருந்த பாக எண்ணைப் பார்த்தோம். எஸ் மேனுவல் வண்டியின் எண். கம்ப்யூட்டர் மாற்றிய விஷயத்தை அவர் அப்போதுதான் எங்களிடம் சொன்னார். அதை ஒரு பிரச்சினையாகவே அவர் நினைத்திருக்கவில்லை.

## அளந்து பார்த்தது

மறுநாள் விடியற்காலையில் வெளிவட்டச் சாலைக்குப் போனோம். இரண்டாவது கியரில், வேக வரம்புக்குள், நிமிடத்துக்கு 2,500 சுற்றிலிருந்து 5,500 வரை முழு மிதி. ஒரு ஆள் ஓட்ட, நான் லேப்டாப்பில் பதிவு எடுத்தேன். டேங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல். இந்த இன்ஜினை வடிவமைத்தது 98-க்கு. அதைவிடக் குறைந்தால் நாக்கிங் (பெட்ரோல் கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) வருகிறதா என்று நாக் சென்சார்களைக் கேட்டு, கம்ப்யூட்டர் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) கொஞ்சம் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும்.

ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டுக் கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் திருத்தம் 6 சதவீதத்தைத் தாண்டவில்லை, அதனால் அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. குளிர்நீர்ச் சூடும் சாதாரணம். ஆனால் முழு மிதியில் சிலிண்டரில் காற்று நிரம்பும் அளவு 80 சதவீதம் என்றே நின்றது. இப்படிப்பட்ட ஆரோக்கியமான இன்ஜினில் அது 95-ஐ ஒட்டி வர வேண்டும். அதே நேரம் நாக்கிங்குக்காகக் கம்ப்யூட்டர் பின்னிழுத்த டைமிங் இரண்டு சிலிண்டர்களில் 6 டிகிரியைத் தாண்டியது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது அந்த இரண்டு சிலிண்டர்களிலும் பீங்கான் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள். நாக்கிங் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கேமரா விட்டுப் பார்த்தோம். பிஸ்டன் தலையில் குழி எதுவும் விழவில்லை. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

## ஏன் இப்படி ஆனது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 'ஓடுகிறதே, அப்புறம் என்ன' என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

2.7 இன்ஜின் உண்மையில் 2,687 சிசி. எஸ் 3,179 சிசி. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) இரண்டுக்கும் ஒன்றே, 78 மில்லிமீட்டர். போர்தான் (சிலிண்டரின் விட்டம்) வேறு: 2.7-க்கு 85.5, எஸ்ஸுக்கு 93. உள்ளே போகும் காற்றைச் சென்சார் எடைக் கணக்கில் சொல்கிறது. பெட்ரோலை அந்தக் காற்றுக்கு ஏற்ற விகிதத்தில் அடித்தால் போதும், இன்ஜின் பெரிதா சிறிதா என்பது அந்தக் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். மிச்சமுள்ள வித்தியாசத்தை ஆக்சிஜன் சென்சார் சரிக்கட்டிவிடும். அதனால் பெட்ரோல் பக்கம் எந்தக் குறையும் தெரியாது, விளக்கும் எரியாது.

டைமிங் அப்படியில்லை. கம்ப்யூட்டர் முதலில் 'சிலிண்டர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது' என்று கணக்குப் போடும். வந்த காற்றை சிசியால் வகுத்துத்தான் அது கிடைக்கும். 2,687 சிசி இன்ஜினுக்குள் போன காற்றை இந்தக் கம்ப்யூட்டர் 3,179-ஆல் வகுக்கிறது. அதனால் 95 நிரம்பிய சிலிண்டர் அதன் கண்ணுக்கு 80 என்று தெரிகிறது. முக்கால்வாசிதான் நிரம்பியிருக்கிறது என்று நினைத்து, அந்த நிலைக்கான டைமிங்கைக் கொடுக்கிறது. குறைவாக நிரம்பிய சிலிண்டருக்குத் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கலாம். நிறைய நிரம்பியதற்கு அப்படிக் கொடுத்தால் நாக்கிங்தான். சென்னை ஏப்ரல் வெயிலில், 95 ஆக்டேனில், 11-க்கு 1 கம்ப்ரஷனில் அதுதான் நடந்தது.

நாக் சென்சார் காப்பாற்றாதா என்றால், ஓரளவு காப்பாற்றியது. அந்த 6 டிகிரி அதன் வேலைதான். ஆனால் நாக்கிங் ஒலியின் அதிர்வெண் போரைப் பொறுத்தது. 93 மில்லிமீட்டர் போரில் அது சுமார் 6.2 கிலோஹெர்ட்ஸ், 85.5-இல் சுமார் 6.7. பெரிய சிலிண்டரின் குரலுக்குப் பழக்கப்பட்ட காது சிறிய சிலிண்டருக்குக் காவல் இருந்தது. அதை முழுதாக நம்பி வண்டியை வெயிலில் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, பிக்கப் கூடியது ஏன்? 7.2 கம்ப்யூட்டரில் மிதி நேராக த்ராட்டிலைத் திறப்பதில்லை. ஓட்டுநர் எவ்வளவு இழுவை கேட்கிறார் என்பதைத்தான் அது சொல்கிறது. எஸ் இன்ஜினின் உச்ச இழுவை 305 நியூட்டன் மீட்டர், 2.7-க்கு 260. எஸ் கணக்கில் பாதி மிதி என்றால் அதிக இழுவை கேட்பதாக அர்த்தம், அதனால் த்ராட்டில் சீக்கிரமே அதிகம் திறந்துகொள்கிறது. பாதி மிதியில் வண்டி துள்ளும். முழு மிதியில் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது, பின்னிழுத்த டைமிங்கால் கொஞ்சம் குறையவும் செய்யும். எஸ் கம்ப்யூட்டர் போட்டால் சக்தி கூடும் என்ற பேச்சு இந்தத் துள்ளலில் இருந்து வந்ததுதான்.

## தண்ணீர் எங்கிருந்து வந்தது

கார்ப்பெட்டைத் தூக்கினோம். அடியில் இருந்த ஸ்பாஞ்சு நான்கு மாதம் கழித்தும் ஈரமாக இருந்தது. ஆனால் சேறு இல்லை. வெள்ளநீர் புகுந்த வண்டியில் இருக்கைத் தண்டவாளத்திலும் வயர்க் கட்டுகளிலும் நுண்ணிய மண் படிந்து ஒரு கோடு போட்டிருக்கும். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அது மூலைகளில் தங்கிவிடும். இங்கே அப்படி எதுவும் இல்லை. கீழிருந்து ஏறியிருந்தால் இது நடக்காது.

துணிக்கூரை மடியும் இடத்தில், கதவுகளுக்குப் பின்னால், மழைநீர் வடியும் துளைகள் இருக்கின்றன. கையை விட்டுப் பார்த்தால் இரண்டிலும் மக்கிய வாதாம் இலை அடைத்துக் கிடந்தது. தெருவெள்ளம் இந்த வண்டியின் டயரோடு நின்றுவிட்டது. உள்ளே தேங்கியது கூரையிலிருந்து வழிந்த மழைநீர். அது போய்ச் சேர்ந்த இடம் இருக்கைக்கு அடியில் இருந்த இம்மொபிலைசர் பெட்டி. ரிமோட் நின்றதற்கும் செல்ஃப் நின்றதற்கும் அந்த ஒரு பெட்டியே காரணம். டிக்கியில் உயரத்தில் இருந்த பழைய இன்ஜின் கம்ப்யூட்டரைத் தண்ணீர் தொடவே இல்லை.

அடைப்பு எடுக்கப்படாமலே இருந்ததால், மார்ச்சில் ஒருமுறை வாட்டர் சர்வீஸ் விட்டபோது மறுபடி தண்ணீர் இறங்கியிருந்தது. புதிதாக வைத்த பெட்டியும் அதே ஈரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

## எடுத்த முடிவும் காரணமும்

மூன்று வழிகள் இருந்தன. எஸ் கம்ப்யூட்டருக்குள் 2.7-இன் புரோகிராமை ஏற்றுவது ஒன்று. அதற்கு அந்தக் கம்ப்யூட்டர் இருந்த வண்டிக்குரிய குறியீடுகள் வேண்டும், அவை நம்மிடம் இல்லை. புதிய பெட்டி வரவழைத்து, வண்டி எண்ணுக்குரிய குறியீடுகளைக் கேட்டு வாங்குவது இன்னொன்று. நேரான வழி, ஆனால் செலவும் காத்திருப்பும் அதிகம். அவர் ஏற்கெனவே ஒரு செட்டுக்குப் பணம் கொடுத்தவர்.

மூன்றாவதைத் தேர்ந்தோம். பழைய இம்மொபிலைசர் பெட்டி கெட்டிருந்தாலும் அதன் நினைவகச் சில்லு பிழைத்திருக்கலாம். அதிலுள்ள தரவை எடுத்து, இப்போது வண்டியில் இருக்கும் எஸ் பெட்டிக்குள் எழுதினால் அது பழைய பெட்டியாகவே நடந்துகொள்ளும். பழைய கம்ப்யூட்டரையும் பழைய சாவிச் சில்லையும் திரும்பப் போட்டுவிடலாம். இரண்டு பெட்டிகளின் பாக எண்ணும் பதிப்பும் ஒன்றாக இருந்ததால்தான் இந்த வழி திறந்தது.

பழைய சாவிச் சில்லு இருக்கிறதா என்று கேட்டோம். அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடி, மறுநாள் காலை ஒரு மாத்திரை டப்பாவில் பத்திரமாகக் கொண்டுவந்தார். அவர் மனைவி எடுத்து வைத்திருந்தாராம்.

## வேலை

பழைய பெட்டியைத் திறந்தால் மின்சாரம் நுழையும் பக்கம் முழுதும் பச்சை பூத்து, செம்புத் தடங்கள் அரித்துப் போயிருந்தன. நினைவகச் சில்லு மறுபக்கம் இருந்தது. ஆல்கஹாலில் கழுவி, பலகையிலேயே கிளிப் மாட்டிப் படித்தோம். இரண்டு முறை படித்ததில் இரண்டும் வேறு வேறாக வந்தன. அங்கே நான் ஒரு தவறு செய்யப் பார்த்தேன்: மூன்றாவது முறை படித்தது முதலாவதோடு ஒத்துப்போனதால் அதுவே சரி என்று எடுத்துக்கொள்ள இருந்தேன். கூட இருந்த பையன்தான், "அண்ணா, கழட்டியே படிச்சிடலாமே" என்றான். சில்லைச் சூடுகாட்டிக் கழற்றி, ரிச்சி தெருவில் வாங்கிய சாக்கெட்டில் வைத்துப் படித்தோம். ஐந்து முறையும் ஒரே தரவு. அது முதல் மூன்றில் எதோடும் ஒத்துப்போகவில்லை.

எஸ் பெட்டியின் தரவை முதலில் தனியாகச் சேமித்துவிட்டு, பழையதை எழுதினோம். பழைய கம்ப்யூட்டரை மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பேச வைத்தோம், ஒழுங்காகப் பதில் சொன்னது. எல்லாம் மாட்டியதும் இன்ஜின் பிடித்தது. ஆனால் ஐடில் மறுபடி ஏறி இறங்கியது. காற்றுக் கசிவு என்று நினைத்துப் பாதி நாள் குழாய்களைத் தேடினோம். விஷயம் எளியது. மின் த்ராட்டிலின் நிலையைக் கம்ப்யூட்டர் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மிதியைத் தொடாமல் சாவியை ஒரு நிமிடம் ஆனில் வைத்து, பிறகு பத்து விநாடி ஆஃப் செய்தோம். ஐடில் சீரானது.

ஸ்பாஞ்சை முழுதாக வெளியே எடுத்து ஆறு நாள் வெயிலில் காயவைத்தோம். வடிகால் துளைகளை வளையும் நைலான் கம்பியால் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் விழுகிறதா என்று பார்த்தோம். பெட்டியைத் தரையில் இருந்து நாலு விரல் உயர்த்தி வைத்தோம்.

## விளைவு

அதே சாலை, அதே நேரம், அதே பெட்ரோல். சிலிண்டர் நிரம்பும் அளவு 95. பின்னிழுத்த டைமிங் எந்தச் சிலிண்டரிலும் 2 டிகிரியைத் தாண்டவில்லை. புது பிளக்குகளை ஆயிரம் கிலோமீட்டர் கழித்துக் கழற்றிப் பார்த்தோம், புள்ளி இல்லை. பாதி மிதியில் இருந்த துள்ளல் போனதை அவர் உடனே கவனித்தார். "இதுதான் என் வண்டி" என்றார்.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியபோது இவரும் நிறுத்தினார். அதற்கு முந்தின வாரமே வடிகால் துளைகளைத் தானே சுத்தம் செய்திருந்தார். மழைக்குப் பிறகு கார்ப்பெட்டைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பினார். காய்ந்திருந்தது.

## இனி மாற்றிக்கொள்வது

தண்ணீர் பட்ட வண்டி வந்தால் கார்ப்பெட்டுக்கு அடியில் சேறா, தெளிந்த நீரா என்று பார்ப்பதை முதல் வேலையாக வைத்திருக்கிறோம். பாகம் மாற்றப்பட்டதா என்று உரிமையாளரைக் கேட்டுவிட்டுத்தான் ஸ்கேனரைக் கையில் எடுக்கிறோம். இந்த வண்டியில் அந்தக் கேள்வியை முன்பே கேட்டிருந்தால் ஒரு நாள் மிச்சமாகியிருக்கும். நினைவகச் சில்லைப் பலகையில் வைத்துப் படிப்பதை விட்டுவிட்டோம்.

7.2 கம்ப்யூட்டர் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 2000–2002 காலத்து 2.7-க்கு அதே காலத்து 2.7, மேனுவலுக்கு மேனுவல், பாக எண் பார்த்து, மூன்றும் செட்டாக. இதில் தளர்வு கிடையாது. மாற்றிய விவரத்தைத் தேதியோடு எழுதி உரிமையாளரிடம் கொடுக்கிறோம். நாளைக்கு அந்த வண்டியை வாங்க வருபவர் மீறிச் சுற்றிய பதிவுகளைப் படித்தால், அது எந்த இன்ஜினுடையது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

எஸ் கம்ப்யூட்டரும் அதன் சாவிச் சில்லும் இப்போது எங்கள் அலமாரியில் இருக்கின்றன. அதன் பெட்டியில் இருந்த தரவை ஒரு பென் டிரைவில் போட்டு, எந்த மாடலுடையது என்று எழுதி, அதே கவரில் வைத்திருக்கிறோம். விற்பதானால் எஸ் வண்டி வைத்திருக்கும் ஒருவருக்கு மட்டும் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் உரிமையாளர்.